என் நினைவாக ஓர் உதவித்தொகை

என் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அதற்குப் பதிலாகக் கொசுறு கொடுப்பார். கடைக்கு வந்த பெயிண்டரிடம் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டால், அடுத்த முறை அந்த ஆள் வாங்கும் டப்பாவோடு ஒரு பிரஷ்ஷையும் பையில் போட்டுவிடுவார். காசு கேட்க மாட்டார், முகத்தையும் பார்க்க மாட்டார். அம்மாவோடு சண்டை போட்டால் மறுநாள் வீட்டுக்கு ஒரு புதுப் பூட்டு வரும். எங்கள் வீட்டில் கதவுகளைவிடப் பூட்டுகள் அதிகம் இருந்ததற்கு அதுதான் காரணம்.

எங்களுடையது பெயிண்டும் இரும்புச் சாமான்களும் விற்கிற கடை. நடத்துவது நான், முதலாளி அவர். எண்பதைத் தாண்டிய பிறகும் காலையில் வந்து வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆணி வாங்க வருகிறவனுக்குச் சுவர் கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஐம்பது வயதைக் கடந்து, முட்டிவலித் தைலத்தின் வாசனையோடு நடமாடும் ஒருத்தியைப் பாப்பா என்று கூப்பிட்டால் புது வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மரியாதையாக ஷேடு கார்டைப் புரட்டுவார்கள்.

பள்ளிக்கூடம் முடித்த வருஷம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தது. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். "சீட் கிடைச்சிருச்சுப்பா, நான் படிக்கப் போறேன்." அவர் தாழ்ப்பாள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பதில் சொன்னார். "இந்த வருஷம் கடையைப் பாத்துக்கோ பாப்பா. அடுத்த வருஷம் சேந்துக்கலாம்."

அந்த அடுத்த வருஷம் இன்னும் வந்து சேரவில்லை. தம்பிக்கு மட்டும் அவனுடைய வருஷம் சரியான நேரத்துக்கு வந்தது. அவன் படித்தான், தூர தேசம் போனான், எப்போதாவது போன் செய்து "கடை எப்படிப் போகுது?" என்று வானிலை விசாரிப்பதுபோலக் கேட்பான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நான் அழவில்லை, முறைத்தேன். முறைத்த பிள்ளைக்குக் கல்லாச் சாவிதான் கிடைத்தது.

எனக்கு அப்பாவிடமிருந்து சொத்து வேண்டாம், சுகம் வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டும். "உன்னைப் படிக்க வச்சிருக்கணும் பாப்பா." அவ்வளவுதான். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வருஷங்கள் போகப் போக, அதைச் சொல்லாமலே இவர் போய்விடுவாரோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் லேசாக இருமினால்கூட எனக்கு அந்த வாக்கியத்தின் ஞாபகம் வரும். இதை என் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொன்னேன். "நீயே ஒரு அட்டையில எழுதி அவர்கிட்ட குடு, படிச்சுக் காட்டுவாரு" என்றார். அந்த மனிதரிடம் இப்படிப்பட்ட விஷயங்களைச் சொல்லவே கூடாது.

போன வருஷம் அப்பா கடைக்குப் பின்னால் இருந்த கோடவுனை விற்றார். பணம் எங்கே என்று கேட்டேன். "ஒரு நல்ல காரியத்துக்கு" என்றார். தம்பிக்கு அனுப்பிவிட்டார் என்று நானே முடிவு செய்து இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் சலவைச் சட்டையில் வந்து நின்றார்.

"பாப்பா, யுனிவர்சிட்டில ஒரு விழாவாம். என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வண்டி ஓட்ட ஆள் வேணும்."

"உங்களை எதுக்குக் கூப்பிடறாங்க? கதவுக்குக் கீல் மாட்டணுமாமா?"

"வாயேன், சொல்றேன்" என்றார். வழி முழுக்க ஒன்றும் சொல்லவில்லை.

வாழ்நாள் முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நான் சரக்கு அனுப்பியிருக்கிறேன். விடுதிக்கு வெள்ளைப் பெயிண்ட், ஆய்வுக்கூடத்துக்குக் குழாய், கழிவறைக்குத் தாழ்ப்பாள். உள்ளே மட்டும் போனதில்லை. வரவேற்பு மேஜையில் ஒரு பெண் அப்பாவின் சட்டையில் "கொடையாளர்" என்ற அட்டையைக் குத்தினாள். எனக்கு "உடன் வந்தவர்" என்ற அட்டை. அதைப் பார்த்த பிறகுதான் கோடவுன் எங்கே போயிற்று என்று புரிந்தது.

"யுனிவர்சிட்டிக்கா குடுத்தீங்க?" என்று காதில் கேட்டேன்.

"பசங்க படிப்புக்கு" என்றார்.

வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று அப்போது தெரிந்துகொண்டேன். ஊரார் பிள்ளைகளின் படிப்புக்கு! கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

மேடையில் ஒரு நீள மேஜை. அதன்மேல் வரிசையாகச் சட்டம் போட்ட புகைப்படங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பூச்சாடி. யார் யார் நினைவாகவோ அவரவர் குடும்பத்தார் நிறுவிய உதவித்தொகைகள். மீசை வைத்த ஒரு பெரியவர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டாக்டர், சிரிக்காத ஒரு தம்பதி. கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பெண். எங்கேயோ பார்த்த மூஞ்சியாக இருக்கிறதே, நம் கடைக்கு வந்திருப்பாளோ என்று யோசித்தேன். அப்புறம் அந்த முறைப்பைப் பார்த்தேன். அந்த முறைப்பு எனக்குத் தெரிந்ததுதான்.

தொகுத்து வழங்கிய பேராசிரியருக்குக் குரல் நன்றாக இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. "அடுத்து, மலரும் முன்னே உதிர்ந்த ஒரு மொட்டு" என்று ஆரம்பித்தார். என் முழுப் பெயரைச் சொன்னார். வணிகவியல் படித்து வாழ்வில் உயர வேண்டும் என்று கனவு கண்ட இளம்பெண் என்றார். அந்தக் கனவை மற்ற மாணவிகளின் மூலம் நிறைவேற்ற முன்வந்த தந்தையின் பெருந்தன்மை என்றார். பிறகு, மறைந்த அந்த மகளுக்காக ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்போம் என்றார்.

நாற்காலிகள் எல்லாம் ஒரே சத்தமாகப் பின்னால் நகர்ந்தன. எனக்காக நானும் எழுந்து நின்றேன். உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே. பக்கத்தில் அப்பா முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"அப்பா, நான் செத்துட்டேனா?"

"சும்மா இரு பாப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

அவர் காதோரம் சிவந்திருந்தது. அந்த அறிவிப்பு அவருக்கும் அதிர்ச்சிதான் என்பது தெரிந்தது. ஆனால் கையைத் தூக்கி, "ஐயா, தப்பு நடந்துபோச்சு, என் மகள் இங்கதான் நிக்கறா" என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது.

துணைவேந்தர் பேசினார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்ற பழமொழியை எடுத்துவிட்டு, சொன்ன பிறகுதான் அது இந்த இடத்துக்கு ஒத்துவராது என்று உணர்ந்து, மைக்கைத் தட்டிப் பார்த்துச் சமாளித்தார். அவர் சங்கடப்பட்டிருக்க வேண்டியதில்லை. தானே வளர்ந்த பிள்ளை மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது.

பிறகு உதவித்தொகை பெற்ற மாணவர்கள் ஒவ்வொருவராக நன்றி சொன்னார்கள். என் பங்குக்கு வந்தது ஒல்லியாக ஒரு பெண். எழுதி எடுத்து வந்ததை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு பேசினாள். அவளுடைய அம்மா ஒரு மருந்துக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். இந்த உதவி வந்திருக்காவிட்டால் இவளும் அங்கே போயிருப்பாள், சூப்பர்வைசரிடம் பேசிக்கூட வைத்திருந்தார்களாம்.

"அந்த அக்காவ நான் பாத்ததில்ல" என்றாள். "ஆனா தினமும் கிளாசுக்கு வரும்போது அவங்களும் என்கூட வர்ற மாதிரி நெனச்சுக்கறேன். எனக்குப் புரியாத பாடம் வந்தா, அவங்களா இருந்தா எப்படிப் படிப்பாங்கன்னு யோசிப்பேன். அவங்களுக்கும் சேத்துப் படிக்கணும்ல." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

உண்மையைச் சொல்கிறேன். செத்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அந்த வணிகவியலைத்தான் பொறுக்க முடியவில்லை. வரவு செலவு என்றாலே எனக்கு வேப்பங்காய். கடைக்கணக்கை நான் பார்ப்பது வேறு வழியில்லாததால். வணிகவியல் எங்கிருந்து வந்தது?

விழா முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் தேநீர். அப்பாவைச் சுற்றி நாலு பேர் நின்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். நன்கொடைப் பிரிவின் பெண் அதிகாரி என்னிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும், களைத்த கண்கள், கனிவான பேச்சு. என் அட்டையைப் படித்தார்.

"நீங்க ஐயாவோட..."

"மகள்."

"ஓ. அவங்களுக்கு அக்காவா, தங்கச்சியா?"

"யாருக்கு?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக மேடைப் பக்கம் காட்டினார். "அவங்களுக்கு."

"நான்தாங்க அவங்க" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கள்ள நோட்டோ என்று சந்தேகப்படும் காசாளர் மாதிரி மறுபடி படத்தைப் பார்த்தார். கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் சாசரில் கொட்டியது. பாவம், அதை வாங்கி நான்தான் ஜன்னலோரம் வைத்தேன்.

"ஐயோ" என்றார். "ஐயோ, எப்படிங்க... ஐயாதானே சொன்னாரு?"

"நான் செத்துட்டேன்னா?"

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "இல்ல. அப்படிச் சொல்லல. அந்த வார்த்தைய அவர் சொல்லவே இல்ல. ஐயா முதல்ல சேர்க்கைப் பிரிவுக்குத்தான் போயிருக்காரு. அங்க என்ன பேசினாருன்னு எனக்குத் தெரியாது. அவங்கதான் எங்கிட்ட அனுப்பினாங்க. வந்து உக்காந்தாரு. 'என் மகளுக்குப் படிக்கணும்னு ரொம்ப ஆசை. நான்தான் விடல. இனிமே முடியாது. எல்லாம் போச்சு'ன்னு சொன்னாரு. சொல்லிட்டு அழ ஆரம்பிச்சிட்டாரு."

"யாரு, அப்பாவா?"

"ஆமாங்க. குலுங்கிக் குலுங்கி அழுதாரு. எங்க ரூமுக்கு வர்றவங்க கண்ணத் தொடச்சுக்குவாங்க. இப்படி ஒருத்தர் அழுது நான் பாத்ததில்ல. 'இனிமே முடியாது'ன்னா நான் வேற எப்படி நெனப்பேன் சொல்லுங்க? மேல கேட்டுப் புண்ணக் கிளற மனசு வரல. 'அவங்க நினைவா வச்சிடலாமா'ன்னேன். தலையாட்டினாரு. ஒரு படம் வேணும்னேன். மறுநாள் இதக் கொண்டுவந்து குடுத்தாரு."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"எதைங்க?"

"அவர் அழுதத."

அவர் மறுபடி சொன்னார். அம்மா போனபோதுகூட அப்பா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர், முன்பின் தெரியாத ஒருத்தியின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, "நான்தான் விடல" என்று சொல்லி அழுதிருக்கிறார். நான் ஆயுள் முழுக்கக் காத்திருந்த வாக்கியம் அது. எனக்கு வர வேண்டிய சரக்கை யாரோ வேறு முகவரியில் இறக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்த அதிகாரிமேல் எனக்குப் பொறாமை வந்தது. அவர் நல்லவர் என்பதால் அதைக் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

"இப்பவே மேடையில அறிவிச்சிடறேன்" என்று அவர் கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நினைவுங்கறத விடுங்க. பாடத்த மாத்த முடியுமா? நான் கேட்டது வணிகவியல் இல்ல."

அவர் தயங்கினார். "மாத்தலாம். ஆனா இது ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான். இப்ப மாத்தினா அந்தப் பொண்ணுக்கு நின்னுடும். அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

அதற்குள் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, அதைச் சாப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"மேடம், நீங்க அந்த அக்காவோட தங்கச்சியா?"

அதிகாரி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "நெருங்கின சொந்தம்."

"அவங்க எப்படி இருப்பாங்க மேடம்? படத்துல கொஞ்சம் கோவமா இருக்காங்க."

"கோவக்காரிதான். ஆனா நல்லாப் படிப்பா."

"வணிகவியல்னா அவங்களுக்கு உயிராமே?"

அவளுடைய செருப்பின் வார் ஓரிடத்தில் நூல் போட்டுத் தைக்கப்பட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆமா" என்றேன். "உயிர்."

அவள் போன பிறகு அதிகாரியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு முடிக்கட்டுங்க. அதுவரைக்கும் நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். கடைக்குக் கடன்காரங்க வந்தாலும் சொல்லிக்கலாம்." அவர் சிரிக்க முயன்று, முடியாமல், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அப்பா வெளியே கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். சட்டையில் அந்த அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நாலைந்து சிக்னல் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பொண்ணு நல்லாப் பேசிச்சு."

"செத்தவங்களப் பத்தி எல்லாரும் நல்லாத்தாம்ப்பா பேசுவாங்க."

"நான் அப்படிச் சொல்லல பாப்பா. அவங்களா எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப எழுந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அப்ப எதுக்கு அழுதீங்கன்னு அந்தம்மா கேக்க மாட்டாங்களா? நீ வேற பக்கத்துல நிக்கறே."

அதாவது, மகள் செத்துப்போனாள் என்று ஒரு மண்டபமே நம்பினாலும் பரவாயில்லை, மகளுக்குத் தன் அழுகை தெரியக் கூடாது. இதுதான் என் அப்பா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முன்னால் போன லாரியைப் பார்த்து ஹாரன் அடித்தேன்.

"சேர்க்கைப் பிரிவுக்கு எதுக்குப் போனீங்க?"

அப்பா ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"அப்பா, உங்களத்தான் கேக்கறேன்."

"சீட்டு கேக்க."

"யாருக்கு?"

"உனக்குத்தான். வேற யாருக்கு, எனக்கா?"

வண்டியை ஓரங்கட்டினேன். ஒரு மூடிய வொர்க்‌ஷாப்பின் முன்னால், பழைய டயர்களை ஒட்டி நிறுத்தினேன். இந்தக் காதால் கேட்டதை ஓட்டிக்கொண்டே ஜீரணிக்க முடியாது.

அப்பா கண்ணாடி வழியாக நேரே பார்த்தபடி சொன்னார். "கோடவுன வித்ததும் தோணிச்சு. இப்பதான் கைல பணம் இருக்கே, பாப்பாவ சேத்துவிட்டா என்னன்னு. போனேன். என் மகளுக்கு ஒரு சீட்டு வேணும்னேன். அந்த ஆளு வயசு கேட்டான், சொன்னேன். சிரிச்சிட்டான். நல்ல மனுஷன்தான், உடனே சிரிப்ப அடக்கிக்கிட்டான். வயசு வரம்பு இருக்கு பெரியவரே, இனிமே முடியாதுன்னான். எவ்வளவு ஆனாலும் கட்டறேன்னேன். பணம் குடுக்கணும்னா மாடியில அந்த ரூமுக்குப் போங்கன்னான். போனேன். அந்தம்மா உக்காருங்கன்னு சொல்லித் தண்ணி குடுத்தாங்க. தண்ணியக் கைல வாங்கினதும் என்னவோ ஆயிடிச்சு."

நான் என்ஜினை அணைத்தேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேணாம்பே."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டுப் பசங்களோட மாடிப்படி ஏறவா?"

"அதான் கேக்கல."

"அப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல. வேணாம்னு சொல்றதுக்காகவாவது என்னைக் கேட்டிருக்கலாம்லப்பா."

அவர் அந்த அட்டையைக் கழற்றப் பார்த்தார். ஊசி சிக்கிக்கொண்டது. நான் உதவவில்லை. ஊசியைத் திருகிக்கொண்டே, ரொம்ப மெதுவாக, "என்ன பாடம்னு அவன் கேட்டப்ப முழிச்சிட்டேன்" என்றார். "நீ கடைக்கணக்க நல்லாப் பாக்கறே. கணக்கு வழக்குப் படிப்பாத்தான் இருக்கும்னு சொன்னேன். வணிகவியலான்னான், ஆமான்னுட்டேன். மாடியில அந்தம்மா கேட்டப்பவும் அதையே சொன்னேன்." திரும்பி என்னைப் பார்த்தார். "அது இல்லையா?"

"இல்லப்பா."

"அப்ப என்ன படிக்கணும்னு இருந்தே?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டு அதுதான் முதல் தடவை. கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்குச் சீட் கிடைத்துவிட்டது என்றுதான் சொன்னேன், எதில் என்று சொல்லவில்லை. மறுத்துவிட்ட பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

"கெமிஸ்ட்ரி."

"அதுல என்ன சொல்லிக் குடுப்பாங்க?"

ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எதை எதோடு கலந்தால் என்ன ஆகும் என்பது அந்தப் படிப்பு என்றேன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று சொன்னேன். தின்னர் ஏன் பெயிண்டைக் கரைக்கிறது, தண்ணீர் ஏன் கரைப்பதில்லை, ஒரு நிறம் வெயிலில் வெளுக்கும்போது இன்னொன்று ஏன் வெளுக்காமல் நிற்கிறது, இதற்கெல்லாம் அதில் காரணம் உண்டு என்றேன். எப்போது குரல் ஏறியது, எப்போது கையை ஆட்ட ஆரம்பித்தேன் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த ஏதேதோ எங்கிருந்தோ வந்தது. அப்பா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஈரச் சுவத்துல அடிச்சா பெயிண்ட் கொப்புளம் விடுதே. அதுகூட இருக்குமா?"

"அதுவும் இருக்கும்பா."

"அடடா" என்றார். தொடையில் அடித்துக்கொண்டார். "அடடா, பாப்பா, இது நம்ம கடைப் படிப்பும்மா! இது எனக்குத் தெரியாமப் போச்சே! நான் ஏதோ கடைய விட்டுட்டுப் போற படிப்புன்னுல்ல நெனச்சேன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கடையச் சாத்திட்டு, உன்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சேத்துட்டு வந்திருப்பேனே!"

அவர் பொய் சொல்லவில்லை. வியாபாரத்தில் ஒரு லாபத்தைத் தவறவிட்டால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது. நிச்சயமாகச் சேர்த்திருப்பார். இத்தனை காலமும், என் ஆசையையும் கடையையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் கடையை எடுத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். அவர் நிறுத்துப் பார்க்கவே இல்லை. தட்டில் என்ன இருந்தது என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை குறைந்ததால் என் படிப்பு போயிருக்கிறது. அவர்மேல் இருந்த கோபத்தைச் சாப்பிட்டுத்தான் இத்தனை வருஷம் தெம்பாக நடமாடினேன். இப்போது அதுவும் கையை விட்டுப் போய்விட்டது.

நான் காத்திருந்ததைவிடப் பெரிதாகவே அவர் சொல்லிவிட்டார், முகத்தைப் பார்த்தும் சொல்லிவிட்டார். கேட்ட பிறகு எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அப்பாவின் உதடு கோணிக்கொண்டு வந்தது. "நீ ஏன் பாப்பா சொல்லவே இல்ல?"

பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. நீங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர் அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு இனி எத்தனை நாள் நடப்பார்? அவர் சட்டையில் சிக்கியிருந்த ஊசியைக் கழற்றினேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தப்புதாம்ப்பா" என்றேன். "நான் சொல்லியிருக்கணும்."